வளையம் வைத்த கட்டை

மாமாவின் டெம்போவுக்கு இல்லாத வியாதி கிடையாது. பேட்டரி செத்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. கைபிரேக்கைப் பிடித்து இழுத்தால் அது பாட்டுக்குக் கையோடு வரும், வண்டி மட்டும் நிற்காது. இப்படிப்பட்ட வண்டியை வைத்துக்கொண்டு கே.ஜி.கண்டிகையைச் சுற்றி வாழைத்தாரும் செங்கல்லும் ஏற்றிப் பிழைக்க முடிந்ததென்றால் அதற்கு ஒரே காரணம் எங்கள் வீட்டு வாசல்தான். வாசலிலிருந்து பஸ் போகிற ரோடு வரைக்கும் நல்ல சரிவு. குடத்தோடு ஏறிவரும் அம்மா அந்தச் சரிவைத் திட்டாத நாள் இல்லை. மாமாவோ அதைக் குலதெய்வம் மாதிரி கும்பிட்டார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. தாய் தகப்பன் இல்லாததால் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தவர். ராத்திரி வண்டியைச் சரிவின் தலைமாட்டில் நிறுத்தி, முன்சக்கரத்துக்கு ஒரு வேலங்கட்டையை அண்டைகொடுத்துவிடுவார். காலையில் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இழு பாப்பா!" என்பார். கட்டையின் பின்பக்கம் ஓர் இரும்பு வளையம் அடித்திருக்கும். அதில் கட்டிய கயிற்றைப் பிடித்து நான் இழுத்ததும் கட்டை விலகும், டெம்போ தானாக உருளும். பாதிச் சரிவில் மாமா கிளட்ச்சை விடுவார். வண்டி இரண்டு முறை இருமிவிட்டு உயிர் பெறும். ஒருமுறை அந்த வளையத்தின் மேலேயே சக்கரம் ஏறி, ஒரு பக்கம் நசுங்கிக் கோணிப்போயிருந்தது. மாமா அதை மாற்றவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது.

அந்த மார்கழியில் மாமாவுக்குப் பெண் கூடிவந்திருந்தது. அம்மையார்குப்பத்தில் தறி ஓட்டுகிற குடும்பம். டிசம்பர் கடைசி நாள் திருத்தணி மலையில் படித் திருவிழா. பஜனை கோஷ்டிகள் படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டு ஏறுவார்கள். அதைப் பார்க்க வருகிற சாக்கில் மாப்பிள்ளை இருக்கிற வீட்டையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்று, பெண்ணும் அவள் அப்பாவும் அம்மாவும் முந்தின நாள் சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினார்கள். அந்த அக்கா வந்த கையோடு என் சடையை அவிழ்த்து, பையிலிருந்த பச்சை நூலைச் சேர்த்துப் பின்னிவிட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது. இவள் இந்த வீட்டுக்கு வந்தே தீரவேண்டும் என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

விடிந்தால் எல்லோரும் தலைக்குக் குளித்துவிட்டு மலைக்குப் புறப்பட வேண்டும். குளிரோ எலும்பைத் தொட்டது. தோட்டத்தில் மூன்று கல் வைத்த அடுப்பில் பெரிய அண்டாவை ஏற்றிவிட்டு அம்மா என்னிடம் ஒப்படைத்தாள்.

"வந்தவங்க பச்சைத் தண்ணில குளிச்சாங்கன்னு பேர் வரக்கூடாது. பாத்துக்கோ."

பார்த்துக்கொள்ள ஆசைதான். விறகு ஒத்துழைக்க வேண்டாமா? முந்தின வாரத்துப் புயல் மழையில் வேலிகாத்தான் விறகு முழுக்க நனைந்து கிடந்தது. ஊதி ஊதிக் கண் இரண்டும் எரிந்ததுதான் மிச்சம். புகை வந்தது, நெருப்பு வரவில்லை. அதற்குள் அந்த அக்கா துண்டோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்ல பாப்பா, அப்டியே ஊத்திக்கிறேன்" என்றாள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது.

அப்போதுதான் கட்டை ஞாபகம் வந்தது. மாமா விடியற்காலையிலேயே கனகம்மாசத்திரத்துக்கு லோடு இறக்கப் போயிருந்தார். வண்டி இல்லாதபோது கட்டை வாசலோரத் தகரத்துக்கு அடியில் கிடக்கும். ஒரு சொட்டு மழை படாதது. டீசலும் கிரீஸும் குடித்துக் குடித்துக் கறுத்துப் போனது. வண்டிதான் இல்லையே, கட்டை எதற்கு என்று நினைத்தேன். விறகுக் குவியலில் அந்த அளவுக் கட்டை எத்தனையோ கிடந்தன. எனக்கு எல்லாக் கட்டையும் ஒன்றுதான். கயிற்றோடு தூக்கிவந்து அடுப்பில் செருகினேன். அப்படி ஒரு தீயை நான் பார்த்ததில்லை. கால் மணி நேரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது.

அக்கா குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். "தண்ணி எவ்ளோ சூடு! இந்த வீட்ல நீதான் கெட்டிக்காரி" என்றாள். நைனா, அதாவது என் அப்பா, வந்தவர்களிடம் என்னைக் காட்டி, "எல்லாம் எங்க பாப்பா வேலைதாங்க" என்று பெருமைப்பட்டுக்கொண்டார்.

எட்டு மணிக்கு மாமா வந்தார். வண்டியைச் சரிவில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடியே, எஞ்சினை அணைக்காமல் குரல் கொடுத்தார்.

"பாப்பா, கட்டை எங்க?"

நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"நீ பாத்தியா?"

அந்த அக்கா என் பக்கத்தில்தான் நின்றாள். அவள் கை என் தோளில் இருந்தது. நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அந்தத் தலையாட்டலை இத்தனை வருஷமாக எத்தனையோ தடவை திருப்பி ஆட்டிப் பார்த்துவிட்டேன்.

நேரமாகிவிட்டது என்று நைனா இரண்டு செங்கல்லைக் கொண்டுவந்து சக்கரத்துக்குக் கொடுத்தார். மழையில் ஊறின செங்கல். மாமா இறங்கி ஒவ்வொருவராகக் கைபிடித்து ஏற்றிவிட்டார். கடைசியாக அந்த அக்கா ஏறினாள். பாரம் தாங்காமல் செங்கல் பொடிந்தது. வண்டி மெதுவாக, யாரோ கூப்பிட்டதுபோல நகர ஆரம்பித்தது. கீழே ரோட்டில் திருவிழாக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு பஸ் வந்துகொண்டிருந்தது.

மாமா டிரைவர் கதவை எட்டிப் பிடிக்கப் பார்த்தார். முடியவில்லை. முன்னால் ஓடி, ஓரத்தில் கிடந்த உடைந்த வேலிக்கல்லைத் தூக்கி, சக்கரத்துக்கு நேராகப் போட்டு, அது நழுவாமல் இருக்கக் காலால் முட்டுக்கொடுத்தார். வண்டி நின்றது. ஏறியிருந்த ஒருவருக்கும் சின்னச் சிராய்ப்புகூட இல்லை. மாமாவின் வலது பாதம் மட்டும் கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்தது.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் பெண்ணின் அப்பா நெடுநேரம் நின்றுகொண்டே இருந்தார். பிறகு நைனாவைப் பார்த்துச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீங்க. வண்டிக்கே ஒரு கட்டை வெக்கத் தெரியாத புள்ள, நாளைக்கி என் பொண்ண எப்டிங்க வெச்சிக் காப்பாத்தும்?"

மாமா கட்டிலில் இருந்தபடி பெண்ணின் அப்பாவிடம், "எம் மேலதான் தப்பு மாமா. கட்டைய எங்கியோ போட்டுட்டு மறந்துட்டேன்" என்றார்.

அந்த அக்கா கதவருகில் நின்று என்னைப் பார்த்தாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. தை பிறந்தது. அம்மையார்குப்பத்திலிருந்து யாரும் வரவில்லை.

வண்டி உருண்ட மூன்றாம் நாளே எனக்குத் திடீரென்று வளையம் ஞாபகம் வந்தது. மரம் எரியும், இரும்பு எரியாதே! ஓடிப்போய் அண்டா அடுப்பைக் கிளறினேன். சுத்தமாக வாரியிருந்தது. அம்மா சாம்பலை வாரி எருக்குழியில் கொட்டியிருப்பாள், வளையமும் அதோடு போயிருக்கும் என்று நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அதற்குப் பிறகு அம்மா என்னை அந்த அடுப்புப் பக்கமே விடவில்லை. பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது மாமா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "வந்தவங்க எல்லாருக்கும் சுடுதண்ணி கெடைச்சுதா பாப்பா?" என்று கேட்டார்.

"ஆங்" என்றேன்.

"அது போதும்" என்றார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன மாமா இவர், கால் உடைந்தும் வெந்நீரைப் பற்றிக் கேட்கிறாரே என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

மாமா அதன் பிறகு கல்யாணமே செய்துகொள்ளவில்லை. வந்த இடங்களையும் அவரே தட்டிக்கழித்தார். சில வருஷங்களுக்கு முன்னால் கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் அந்த அக்காவைப் பார்த்தேன். பக்கத்தில் அவளுடைய வளர்ந்த பையன் நின்றிருந்தான். என்னை அடையாளம் கண்டு, "உங்க மாமா எப்டி கீறாரு? நல்லா நடக்கிறாரா?" என்று கேட்டாள். நடக்கிறார் என்றேன். சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது. அவள் பஸ்ஸும் வந்தது. மாமாவிடமும் ஒவ்வொரு தடவை ஊருக்குப் போகும்போதும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போகிறேன். காலை இழுத்து இழுத்து வந்து அவர் என் பையை வாங்குவார். அதோடு தீர்மானம் போய்விடும்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அந்தப் பங்குனியில் மாமா தாங்குகட்டையோடு வீடு திரும்பி, கால் கொஞ்சம் தேறியதும் முதலில் செய்த வேலை, புளியமரத் துண்டு ஒன்றைச் செதுக்கி டெம்போவுக்குப் புதுக் கட்டை செய்ததுதான். திரும்ப வண்டி எடுத்த முதல் நாள் காலை கட்டையின் பின்பக்கத்தைப் பார்த்தேன். வளையம் அடித்துப் புதுக் கயிறு கட்டியிருந்தார். தீயில் வெந்த இரும்பு மாதிரி நீலம் பாய்ந்த வளையம். ஒரு பக்கம் நசுங்கிக் கோணியிருந்தது. டெம்போ ஏறினால் எல்லா வளையமும் இப்படித்தான் நசுங்கும் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மாமா சிரமப்பட்டுச் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "இழு பாப்பா" என்றார்.

யாருக்கும் எதுவும் தெரியாது என்ற சந்தோஷத்தில் நான் பலமாகவே இழுத்தேன்.