பிளாஸ்டிக் பிரிக்காத கட்டில்

கண்ணாடிக் கடையில் அவளுக்குப் பெயர் பவரக்கா. கண் பரிசோதிக்கிற சின்ன இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, ஒரு கண்ணை மூடி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் அவள் வேலை. ஆட்கள் திணறுவார்கள், ஏதோ பரீட்சை எழுதுகிற மாதிரி வியர்ப்பார்கள். பவரக்கா விடமாட்டாள். "அவசரமில்லைங்க. ஆனா ஏதாவது ஒண்ணு சொல்லியே ஆகணும். நீங்க சொன்னாத்தானே நான் கண்ணாடி எழுத முடியும்?" என்பாள். இப்படி ஊரில் ஒருவரையும் விடாத மனுஷி, ஒரே ஒரு ஆளை மட்டும் ஒன்றரை வருஷமாகப் பதில் வாங்காமலே விட்டுவைத்திருந்தாள்.

அந்த ஆள் லிஃப்ட் மெக்கானிக். கடை இருந்த கட்டடத்தின் லிஃப்ட் அடிக்கடி இரண்டு மாடிக்கு நடுவில் நின்று அடம்பிடிக்கும். அதைச் சரிசெய்ய வந்தவர், உதிரிப் பாகம் வந்துசேரும் வரை சும்மா இருப்பானேன் என்று கண்ணைக் காட்ட உள்ளே வந்தார்.

"இதுவா, அதுவா?"

"ரெண்டும் பரவாயில்லைங்க."

"இப்ப?"

"இதுவும் நல்லாத்தான் இருக்கு. அதையும் குறை சொல்ல முடியாது."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். ஆனால் முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஒருத்தியை ஒருவன் மனசாரச் சிரிக்கவைத்தால் அவள் புத்தியை எங்கே தேடுவது, சொல்லுங்கள்!

நல்ல மனிதர்தான். குடி கிடையாது, பொய் கிடையாது. அவள் குடியிருந்த மூன்றாவது மாடிக்கு லிஃப்ட் இல்லை. படியேறி மூச்சு வாங்கிக்கொண்டே, "என் தொழிலுக்கே அவமானம் இந்த வீடு" என்று சொல்லிச் சிரிப்பார். தலைவலி என்றால் மாத்திரையோடு வந்து நிற்பார். கல்யாணம் என்று பேச்செடுத்தால் மட்டும், "பாக்கலாம்" என்பார். முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. சரி என்றும் சொன்னதில்லை. அவளுடைய தங்கச்சி, அடுத்த தெருவில் புருஷனோடும் கைக்குழந்தையோடும் இருப்பவள், அவருக்கு 'பாக்கலாம் சார்' என்றே பெயர் வைத்துவிட்டாள்.

ஒருநாள் சாயங்காலம் இருவரும் நடந்து போகையில், மரச்சாமான் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெரிய இரட்டைக் கட்டில் கிடந்தது. நல்ல மரம், தலைமாட்டில் வேலைப்பாடு, அடியில் இழுப்பறை. அவர் நின்று பார்த்துவிட்டு, "நமக்கு இது பொருத்தமா இருக்கும்ல?" என்றார். 'நமக்கு' என்றாரே, அதில் அவள் கவிழ்ந்துபோனாள். மறுவாரமே தவணைக்கு எடுத்துவிட்டார்கள். கல்யாணத் தேதி வைக்காமல், பெரிய வீடு பார்க்காமல், முதலில் கட்டில் வாங்கிய ஜோடி உலகத்தில் இவர்களாகத்தான் இருக்கும். கடன் அவள் பெயரில். "யார் பேர்ல இருந்தா என்ன, பாதி என்னோடது" என்றார் அவர்.

பலகை பலகையாக அது மூன்று மாடி ஏறி வந்தது. அவள் அறையில் அதை மாட்டினால் கதவைத் திறக்க முடியாது. அதனால் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் சுவரில் சாய்த்துவைத்தார்கள். "வீடு பாத்ததும் நானே வந்து மாட்டித் தர்றேன்" என்று அவர் தன் ஸ்பேனரை ஜன்னல் விளிம்பில் அத்தாட்சி மாதிரி வைத்துவிட்டுப் போனார். அவள் பாயில் படுத்துக்கொண்டு, தலைக்கு மேல் சாய்ந்து நிற்கும் கட்டிலுக்குத் தவணை கட்டத் தொடங்கினாள்.

கட்டில் மட்டும் என்றால் பரவாயில்லை. கடன் அட்டையும் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. நிச்சயமில்லாத உறவுக்குத்தான் செலவு அதிகம், தெரியுமோ? நிச்சயமானவர்கள் பழைய நைட்டியும் கலைந்த தலையுமாக வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள். இவளுக்கு ஒவ்வொரு சந்திப்புக்கும் புதுத்துணி வேண்டியிருந்தது. அவருக்குப் பிறந்தநாள் என்று ஒரு கைக்கடிகாரம். அவர் போட்டிருந்த கண்ணாடி ஃபிரேமும் இவள் கணக்கில் எடுத்ததுதான். அவர் ஒருமுறை ஹோட்டலில் பணம் கொடுத்தால் அடுத்தமுறை தான் கொடுக்காவிட்டால் என்ன நினைப்பாரோ என்ற பதைப்பு வேறு. ஒருநாள் துணிக்கடையில் அந்த அட்டை வேலை செய்யாமல் போய், வரிசையில் பின்னால் நின்றவர்கள் எல்லாம் அவளையே பார்த்தார்கள். காது மடல் எரிய எரிய வீட்டுக்கு நடந்து வந்தவள், அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தாள். இனி ஒருத்தருக்கும் ஒரு பைசா பாக்கி வைக்கிற பிழைப்பு வேண்டாம்.

எடுத்த முடிவு என்றால் சாதாரண முடிவா அது! மழையோ வெயிலோ கடைக்கு நடைதான், பஸ்ஸை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. தலைமுடியைத் தங்கச்சி வெட்டிவிட்டாள். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கியிருந்தது, கேட்டவர்களிடம் "ஃபேஷன்" என்று சொல்லிக்கொண்டு இவள் வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தைப் பக்கம் இன்னொரு கண்ணாடிக் கடையில் வேலை பிடித்தாள். கடையில் யாருக்கோ பிறந்தநாள் என்று கேக்குக்குக் காசு கேட்டு வந்தபோது, "எனக்குப் பொறந்தநாள் வந்தாலும் எனக்கு கேக் வேண்டாம், என்னை விட்டுடுங்கப்பா" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, முதலில் அட்டைக் கடனை அடியோடு தீர்த்தாள்.

அவரிடமும் சொன்னாள். "இனிமே ஹோட்டல், சினிமா எதுவும் கிடையாதுங்க. வர்றதுன்னா இங்க வாங்க. டீ இருக்கு, நான் இருக்கேன்."

"அதுக்கென்ன, டீ போதுமே" என்று சிரித்தார் அவர். "கஞ்சப்பிசுனாரி ஆயிட்டே நீ."

ஆரம்பத்தில் வாரத்துக்கு இருமுறை வந்தார். அப்புறம் ஒருமுறை ஆயிற்று. அப்புறம் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்தான். அன்றைக்குத் தவணையில் தன் பாதியைக் கொடுக்க வேண்டும் அல்லவா, அதற்கு ஒருநாள் பிசகமாட்டார். காசு விஷயத்தில் அவர்மேல் விரல் நீட்ட முடியாது. அந்த ஒரு ஞாயிற்றுக்கு மட்டும் அவளும் சந்தை வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு, காலையிலிருந்தே வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வருவார், பணத்தை மேஜையில் வைப்பார், டீ குடிப்பார், வேலைக் கதை சொல்லிச் சிரிக்கவைப்பார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு ஒரு மாதம் ஓட்டுவாள்.

"அவர் உன்னைப் பாக்க வர்றாரா, கட்டிலைப் பாக்க வர்றாரா?" என்று தங்கச்சி ஒருநாள் நேராகவே கேட்டாள்.

"வாயை மூடுடி" என்றாள் இவள். ஆனால் அன்று முழுக்க அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

அந்த மாதத் தவணையைக் கட்ட மரச்சாமான் கடைக்குப் போனபோது, முதலாளி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். வயசானவர், கறார் பேர்வழி, ஆனால் ஒழுங்காகக் கட்டுகிறவர்கள்மேல் பிரியம் உள்ளவர்.

"ஏம்மா, ஒரு நாள் தவறாம கட்டறே. மிச்சத்தை மொத்தமா கட்டிட்டா பாக்கி வட்டி முழுக்கத் தள்ளுபடி பண்ணிடறேன். போன மாசமே சொன்னேனே. உன்னால முடியாதா?"

முடியும். அட்டைக் கடன் தீர்ந்தபின் சந்தை வேலைப் பணம் அப்படியே சேர்ந்திருந்தது. போன மாதமே முடிந்திருக்கும். அதற்கு முந்தின மாதமே முடிந்திருக்கும். இருந்தும் அவள் வாய் சொன்னது வேறு.

"அடுத்த மாசம் பாக்கலாங்க."

சொல்லிவிட்டுத் தெருவுக்கு வந்தவள் நாலு எட்டில் நின்றுவிட்டாள். யார் பேச்சு இது? யார் வாயிலிருந்து வருகிறது? அடுத்த மாதம் என்ன பார்க்கப் போகிறாள்? கடன் தீர்ந்தால் முதல் ஞாயிறு இருக்காது. முதல் ஞாயிறு இல்லாவிட்டால் அவர் வருவாரோ மாட்டாரோ. அந்தப் பயத்தில்தான் தீர்க்கக்கூடிய கடனைத் தீர்க்காமல் இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு டீக்கும் ஒரு சிரிப்புக்கும் மாதா மாதம் வட்டி! பஸ்ஸுக்குக் கொடுக்க மனசு வராமல் மழையில் நனைந்துகொண்டு நடந்த காசு இப்படியா போகிறது? அவளுக்கு அவள்மேலேயே அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. தெருவென்றும் பார்க்காமல் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிக் கடைக்குள் போனாள்.

"மொத்தமா கட்டிடறேங்க. இன்னொண்ணு. அந்தக் கட்டிலைத் திருப்பி எடுத்துக்குவீங்களா?"

முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஏம்மா, மரத்துல ஏதாவது குறையா?"

"மரத்துல ஒரு குறையும் இல்லைங்க. பிளாஸ்டிக்கே இன்னும் பிரிக்கலை."

அவர் கண்ணாடியை இறக்கிக் கணக்கு நோட்டைப் புரட்டினார். விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தக் கடையிலேயே ஓரமாக இருந்த ஒற்றைக் கட்டில் ஒன்றைக் காட்டி, அதை ரொக்கத்துக்கு எடுத்துக்கொண்டாள். வந்த வண்டியே பெரிய பலகைகளை இறக்கிக் கொண்டுபோய், சின்னப் பலகைகளை ஏற்றிவந்து போட்டுவிட்டுப் போயிற்று.

முதல் ஞாயிறு வந்தது. அவரும் வந்தார், படியேறிய மூச்சோடு. பணத்தை எடுத்து மேஜையில் வைக்கப் போனவர், சுவரைப் பார்த்து அப்படியே நின்றார்.

"கட்டில் எங்க?"

"குடுத்துட்டேங்க. கடனும் அடைஞ்சுபோச்சு."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலியே?"

"கேட்டேன். ஒன்றரை வருஷமா கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் ஒரு உறையை அவர் முன்னால் வைத்தாள். அவர் இதுவரை கட்டிய பங்கு, திருப்பிக் கொடுத்ததில் வந்த நட்டத்தில் பாதி போக மிச்சம். டீயும் வைத்தாள். பிறகு எதிரே உட்கார்ந்து, கடையில் கேட்கிற அதே நிதானத்தோடு கேட்டாள்.

"இப்ப நமக்குள்ள குடுக்கல் வாங்கல் ஒண்ணும் இல்லை. அதனால கேக்கறேன். என்கூட இருக்கணுமா, வேண்டாமா? அவசரமில்லை. ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும்."

அவர் டீயைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். "இப்படித் திடீர்னு கேட்டா... எனக்கும் ஆசை இல்லாம இல்லை. வேண்டாம்னும் நான் சொல்லலியே. பாக்க..." என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அவள் காத்திருந்தாள். டீ ஆறியது. அவர் கை, என்ன செய்வதென்று தெரியாமல், உறையைத் திறந்து நோட்டுகளை எண்ணியது. எண்ணி முடித்து, "சரியா இருக்கு" என்றார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அவள் ஒன்றரை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த பதில் அதுதான். நாள் முழுக்க மற்றவர்கள் கண்ணையே பார்க்கிற பிழைப்பு. அவளுக்கு அது தப்புமா?

எழுந்து வாசல்வரை போனவர் திரும்பினார். "என் ஸ்பேனர் ஒண்ணு இங்க இருந்துச்சே..."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதல்நாள் மாதிரியே விழுந்து விழுந்து சிரித்தாள்; சிரிக்கும்போதே கண்ணில் நீர் கொட்டியது. "இருக்குங்க. இன்னைக்கு எனக்கு அதால வேலை இருக்கு. நாளைக்கு நானே கொண்டுவந்து தர்றேன்."

அவர் போனபின் தங்கச்சி குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். அக்காவின் கண் வீங்கியிருப்பதைப் பார்த்ததும் குழந்தையைப் பாயில் விட்டுவிட்டுப் பலகையைப் பிடித்துக்கொண்டாள். பவரக்கா ஒவ்வொரு நட்டாகப் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினாள். ஒரு காலைத் தலைகீழாக மாட்டி, திட்டிக்கொண்டே கழற்றி மறுபடி மாட்டினாள். கட்டில் நின்றது. கதவும் முழுசாகத் திறந்தது.

"ஆடுதா பாருடி."

தங்கச்சி ஏறிக் குதித்துப் பார்த்தாள். "அசையலக்கா."

அன்று இரவு அவள் அழுதாள். அழ வேண்டியதை எல்லாம் அழுதுவிட்டுத்தான் தூங்கினாள். ஆனால் பாயில் இல்லை.

காலையில் ஸ்பேனரைத் துணியால் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு, லிஃப்ட் கம்பெனி வாசலில் போய் நின்றாள். அவர் ஓடிவந்தார். ராத்திரி தூங்காத முகம். "உள்ள வாயேன். ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம். பேசலாம்."

"இல்லைங்க, கடைக்கு நேரமாச்சு" என்று ஸ்பேனரை அவர் கையில் வைத்தாள். "வாங்கிக்கிட்டீங்கல்ல? இனி நான் யாருக்கும் எதுவும் பாக்கி இல்லை."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவள் ஏறி, டிக்கெட்டுக்குக் காசு கொடுத்து, ஜன்னலோரமாக உட்கார்ந்தாள்.