கண் திறக்காத யாளி

கீரனூரில் ஒரு மரப்பட்டறையைக் கடக்கையில் இலுப்பை மரம் அறுத்த வாசனை வந்தது. கோயில் தேருக்கு யாளிகள் செதுக்கிய எங்கள் ஊர்க் கீற்றுக்கொட்டகையிலும் இதே வாசனைதான். அந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. சின்ன வயதில் பள்ளி விட்டதும் அந்தக் கொட்டகைக்குப் போய், சிங்க முகமும் யானைத் துதிக்கையுமாக நின்ற ஒரு யாளியின் அருகே மரச்சீவல்மேல் உட்கார்ந்து, உளிச் சத்தத்துக்கு நடுவே, துபாயில் இருந்த அப்பாவிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அதனிடம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

"கண்ணு கடைசியிலதான் தெறப்போம் தாயி. அதுவரைக்கும் அதுக்கு யாரையும் தெரியாது" என்பார் ஆசாரி.

கண் திறந்ததும் என்னைத் தெரிந்துகொள்ளும் என்று காத்திருந்தேன். தேரில் ஏற்றிக் கண் திறந்த அன்று, அது என் தலைக்கு மேலே எங்கோ பார்த்தது.

அந்த வருடம் ஊருக்கு வந்த அப்பாவும் வாசலில் என்னைத் தாண்டிப் பார்த்து, அம்மாவிடம் கேட்டார்: "பாப்பா எங்க?"