ஊமைக் காசு

என் அப்பாவுக்குக் காசு மாற்றுவதுதான் தொழில். துறைமுக வாசலுக்கு வெளியே ஒரு தேத்தண்ணிக் கடையின் ஓரமாக மேசை போட்டிருந்தார். அதில் காசைப் போட்டுச் சத்தம் பார்க்க ஒரு சலவைக்கல், ஒரு சின்னத் தராசு, பூட்டுப் போட்ட ஒரு தகரப்பெட்டி. சீனப் பக்கம் போய்வரும் கப்பல்காரர்கள் கழுகு பொறித்த மெக்சிக்கோ வெள்ளி டொலர்களை அவரிடம் கொடுத்து ரூபாய் வாங்கிக்கொண்டு போவார்கள். கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் டொலரை உருட்டித் தவழப் பழகியவர்கள் என்று அயலவர்கள் கேலி செய்வார்கள். அதில் பாதி உண்மை.

அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு இருந்தது. நீட்டிய காசை எதிரில் நிற்பவர் வேண்டாம் என்றால் அதற்காக வாதாடக் கூடாது. பேசாமல் திருப்பி எடுத்துக்கொண்டு வேறு காசு கொடுக்க வேண்டும். தன் காசுக்காக வாயாடுகிறவனை யாரும் நம்பமாட்டார்கள் என்பது அப்பாவின் எண்ணம். அந்த நல்ல பழக்கம் என் கல்யாணத்தையே கவிழ்க்கப் பார்த்தது.

தெமட்டகொடை ரயில் யார்டில் வேலை பார்த்த ஒருவரை எனக்குப் பேசியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பார்த்தபோதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இந்த வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? தாய் தகப்பன் இல்லாத அவரை வளர்த்தவர் தகப்பனின் அக்கா. அவரும் நானும் அந்த அம்மாவை மாமி என்றுதான் கூப்பிட்டோம். மாமி ஒரு கப்பல்காரரின் விதவை. மீன்காரன் தரும் மிச்சச் சில்லறையைக்கூட அம்மிக்கல்லில் தட்டிப் பார்த்த பிறகுதான் முந்தானையில் முடிவார்.

எங்கள் குடும்பங்களில் நிச்சயதார்த்தத் தட்டில் பெண்ணின் தகப்பன் சில வெள்ளி டொலர்களை வைப்பார். அது செலவழிப்பதற்கு அல்ல. அதை உருக்கிப் புது வீட்டுப் பீடத்துக்கு ஒரு சிலுவை செய்வார்கள். அப்பாவும் வைத்தார். கேக் வெட்டுவதற்கு முன்பே மாமி அப்பாவின் சலவைக்கல்லைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு டொலராகக் கல்லில் போட்டார். எல்லாம் நல்ல வெள்ளியாகக் கணீரென்று பாடின. கடைசி டொலர் மட்டும் 'டொக்' என்று விழுந்தது. அதன் முகமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் வேறு.

"இது ஈயம்" என்றார் மாமி.

அப்பா என்ன செய்தார் தெரியுமா? மேசையில் செய்வதையே செய்தார். வாய் திறக்காமல் அந்தக் காசை எடுத்துக்கொண்டு, மடியிலிருந்து வேறொன்றை எடுத்துத் தட்டில் வைத்தார்.

"பாத்தீங்களா, தெரிஞ்சுதான் வச்சிருக்கிறார். இல்லாட்டி ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா? சிலுவைக்கு வச்ச காசிலயே இந்த வேலையெண்டா மிச்சத்தை என்னெண்டு நம்புறது? எழும்பு தம்பி, போவம்" என்றார் மாமி.

நான் திரைக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை எழும்பிப் போய்விட்டால் கல்யாணம் போகும். அதைவிட, அப்பா கள்ளக்காசுக்காரர் என்ற பேச்சு பொழுது சாய்வதற்குள் துறைமுகம் முழுக்கப் பரவும். மணப்பெண் பேசக்கூடாத நாள் என்பதெல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. தராசோடு வெளியே வந்தேன்.

"மாமி, போறதெண்டா இதைப் பாத்திட்டுப் போங்க."

ஒரு தட்டில் மாமி நல்லது என்று சொன்ன டொலரை வைத்தேன், மறு தட்டில் அப்பாவின் கையிலிருந்து வாங்கிய அந்த ஊமைக் காசை. தராசு சமமாக நின்றது. பிறகு ஒன்றின்மேல் ஒன்றை அடுக்கி அகலம் ஒத்திருப்பதைக் காட்டிவிட்டு, இரண்டையும் கல்லில் அருகருகே வைத்து, விளிம்புக்கு மேலால் நகத்தை இழுத்துப் பார்க்கச் சொன்னேன். நகம் எங்கும் தடக்கவில்லை. ஈயம் கலந்த காசென்றால் கனத்திலோ தடிப்பிலோ அகலத்திலோ எங்காவது ஒரு இடத்தில் மாட்டிக்கொள்ளும் என்றேன். அந்தக் குழிகள் சீன வியாபாரிகள் உளி வைத்துச் சோதித்து அடித்த முத்திரைகள். அத்தனை பேர் அடித்ததில் உள்ளே மெல்லிய கீறல் விழுந்து சத்தம் செத்துப்போயிருந்தது. மற்ற எல்லாக் காசையும்விட அதிகமாகச் சோதிக்கப்பட்ட காசு அதுதான்.

மாமி வாசலைத்தான் பார்த்தார். மாப்பிள்ளை கதிரையைவிட்டு அசையவில்லை.

"நான் இருக்கிறன் மாமி. நீங்களும் இருங்க. கேக் இன்னும் வெட்டேல்லை" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே அவருக்கு ஆயுள் முழுக்கச் சமைத்துப்போடலாம் என்று நினைத்தேன். போட்டும் இருக்கிறேன்.

தட்டான் வெள்ளி உருக்கிய அன்று மாமி அங்கேயே போய்க் குந்திக்கொண்டிருந்தாராம். ஊமைக் காசைத்தான் முதலில் போடவைத்தாராம். அடுத்த நாள் நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தபோது மாமி மேசைக்கு வந்தார். மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அவரிடம் இல்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு டொலரை எடுத்து மேசையில் வைத்தார்.

"சம்பந்தி, இதைக் கொஞ்சம் பாருங்க. என்ட மனுசன் கடைசிப் பயணத்தில கொண்டுவந்தது. இதுட சத்தத்தை வச்சுத்தான் நான் மற்றக் காசு எல்லாம் பாக்கிறனான்."

அப்பா அதைச் சலவைக்கல்லில் போட்டார். பூசை மணி போல நீளமாக ஒலித்தது. ஆனால் அது வெள்ளியின் ஒலி இல்லை. விளிம்பில் முலாம் தேய்ந்து, மஞ்சள் தெரிந்தது. எனக்கே தெரிந்தது என்றால் அப்பாவுக்குத் தெரியாதா? அவர் காசைக் கையில் எடுத்து, மஞ்சள் தெரிந்த இடத்தைப் பெருவிரலால் மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்ல காசு சம்பந்தி. உருக்கவும் வேண்டாம், மாத்தவும் வேண்டாம். பத்திரமா வச்சிருங்க."

மாமியின் முகம் மலர்ந்தது. அதுவரை அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. காசை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு, என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அந்த முடிச்சு சாகும்வரை அவர் இடுப்பில் இருந்தது.

அவர் தெரு முனையைத் தாண்டும்வரை பொறுத்திருந்துவிட்டு, "அப்பா, அது பித்தளை" என்றேன்.

அப்பா சலவைக்கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஓம். ஆனா அவ என்னட்டக் காசு மாத்தவோ வந்தவ?"