போன் கூப்பிட்டால் ஓடும் நாங்கள் யார்?

போனில் மணி அடித்தால் பாதிச் சோற்றில் எழும்பி ஓடுவதுதான் எங்கள் தொழில். என்னைப்போல ஓட்டோ ஓடும் உறவுகளே, போன் ஆப் வழியே சவாரி அனுப்பி அந்த மணியை அடிக்கிற கம்பனி நமக்கு முதலாளியா இல்லையா என்று நீங்களும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

வெள்ளத்தில் போகாத குற்றம்

எங்கள் ஓட்டோத் தரிப்பிடத்தில் ஒரே பெண் டிரைவர் சுமதி அக்கா. கல்லடி ஊர்க்காரி, பயம் அறியாதவர். ஒரு மழை நாளில் போன் காட்டிய ஒழுங்கையில் வெள்ளம் நின்றது. அக்கா சுற்றிப் போனார். உடனே கம்பனியிலிருந்து எச்சரிக்கை: சொன்ன பாதையில் ஏன் போகவில்லை?

பின்னால் இருந்தவர் காத்தான்குடிப் புடவைக்கடை ஹாஜியார். அவர் கேட்டாராம்: "ஓட்டோ உங்கட, எண்ணெயும் உங்கட. ஏச்சு மட்டும் அவன்டயா மகள்?"

வெட்டுக் காலம்

எங்களோடு ஓட்டோ ஓடும் சித்தாண்டித் தங்கராசா அண்ணன் வேறு ரகம். வெள்ளாமை வெட்டுத் தொடங்கினால் போனை நிறுத்திவிட்டு வயல் வட்டைக்குப் போய்விடுவார். "எங்களையும் ஊழியராக எடுத்தால் லீவு, சேமலாப நிதி எல்லாம் கிடைக்குமே அண்ணன்" என்றேன். சீறி விழுந்தார்.

"லீவு கேட்டு, அவன் விட்டாத்தான் நான் என்ட வெள்ளாமைய வெட்டுறதாடா?"

மாடு குறுக்கே வந்தது

கம்பனி தந்த ஹயர் சவாரி ஒன்றில் மாடு குறுக்கே பாய, சுமதி அக்காவின் ஓட்டோ புரண்டது. பயணிக்கு ஒன்றுமில்லை, அக்காவுக்குக் கை முறிந்தது. கம்பனிக்கு நான் போன் அடித்துக் கேட்டால், "நீங்கள் எங்கள் ஊழியர் இல்லை, சொந்தத் தொழில் செய்பவர்" என்றார்கள். நான் கத்திவிட்டுப் போனை வைத்தேன். அக்காவுக்கோ, காலையில் தான் ஏற்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேறு ஓட்டோவுக்குப் போய்விடுவார்களே என்ற கவலை. அது போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

மறுநாள் காலை அந்தப் பிள்ளைகளின் வாசலில் தங்கராசா அண்ணன் நின்றார், அதுவும் வெட்டுக் காலத்தில்! மனிதரைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. "இனி நீங்கதானா?" என்று கேட்ட தாயிடம் சொன்னார்: "இல்ல பிள்ள, டிரைவர் சுமதிதான். கை சுகமாகி வருவா. அதுவரைக்கும் நான்."

கல்லடிக் கூட்டம்

எங்கள் குறை கேட்கக் கம்பனி அதிகாரி வந்தார். "நீங்கள் சுதந்திரமானவர்கள். அதைத்தானே விரும்புகிறீர்கள்?" என்றார். எல்லாரும் தங்கராசா அண்ணனைப் பார்த்தோம். அவர் ஆமென்றால் அக்கா நட்டஈடு கேட்கும் கதையே முடிந்தது.

அண்ணன் எழும்பினார். "ஓம் சேர், எனக்கு முதலாளி வேணாம். ஆனா இவ உங்கட ஹயர் ஓடக்குள்ளதான் கை முறிஞ்சவ. அந்தக் கைக்கு முதலாளி ஆரு?"

அதிகாரி, பதில் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அக்கா இப்போது பழையபடி ஓட்டோ ஓடுகிறார். ஒரு ஹயருக்கு இரண்டு நிமிடம் பிந்தினால் எச்சரிக்கை அனுப்பும் கம்பனியின் பதில்தான் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.