முதல் துண்டு கேக்

எங்கே கேக் கொடுத்தாலும் என் கணவர் அலெக்சாண்டர் முதலில் தன் துண்டை மூக்கருகே ஒரு நொடி வைத்துப் பார்ப்பார். பிறகு வாயில் போடுவார். அவர் விழுங்கிய பிறகுதான் எங்கள் பிள்ளைகள் கை நீட்டலாம். "அலெக்ஸ் அண்ணனுக்குக் கேக்னா பொறுமையே கிடையாது" என்று பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். அவருக்கு இனிப்பே பிடிக்காது.

தொண்ணூற்றாறில் அடுகோடியில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். அவர் கார் மெக்கானிக். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் பேச வராது. ஆனால் என்னிடம் ஒரு வட்ட ஓவன் இருந்தது. அந்த வரிசையில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் என்னுடையதுதான். வாய் திறக்காத என்னை அதை வைத்துத்தான் எல்லாருக்கும் தெரியும்.

அந்தச் சமயம் ஒரு காரின் புகைக்குழாய்க்குச் சூடு தாங்கும் பெயிண்ட் அடித்திருந்தார். காற்றில் காய்ந்தால் மட்டும் போதாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றினால்தான் அது இரும்பைப் பிடிக்கும். இல்லாவிட்டால் எஞ்சின் சூட்டில் உரிந்துவிடும். முதல் தடவை அப்படித்தான் உரிந்தது. கராஜ் முதலாளி எல்லார் முன்னாலும் ஏசினார்.

இரண்டாம் தடவை, நான் மார்க்கெட் போயிருந்த நேரத்தில், எஞ்சினோடு சேரும் துண்டை என் ஓவனில் வைத்துச் சுட்டிருக்கிறார். சோப்புப் போட்டுத் துடைத்து, முகர்ந்தும் பார்த்திருப்பார். ஆறிய ஓவனில் வாடை தெரிந்திருக்காது. என்னிடம் சொல்லவும் இல்லை.

மறுநாள் பக்கத்து வீட்டுச் சுனிதாவின் மகளுக்கு முதல் பிறந்தநாள். எனக்குச் சளி, மூக்கடைப்பு. ஓவனின் கம்பித் தட்டில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு தெரிந்தது. கரி என்று நினைத்துச் சுரண்டிவிட்டேன். கேக் நன்றாகவே எழும்பியது.

வெட்டிக் கொடுத்ததும் சுனிதாவின் மாமியார் லட்சுமம்மா வாயிலிருந்ததைக் கையில் துப்பினார்.

"ஏனம்மா பிரிஜெட், சீமெண்ணெ ஊத்தியா மாவு கலக்குன?"

"தீப்பெட்டிய தூர வைங்கப்பா, பத்திக்கப் போகுது" என்றார் சுனிதாவின் கணவர் மஞ்சுநாத்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் என் கணவரைப் பார்த்தேன். முகம் வெளுத்திருந்தது. அந்தச் சாம்பல் பொட்டு அவருடைய பெயிண்ட் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"எசன்ஸ் பழசாயிடுச்சு போலம்மா. என் தப்புதான்" என்றேன்.

அவர் மறுத்துப் பேசுவார் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். அவர் தலை நிமிரவில்லை. தன் தட்டிலிருந்ததை முழுவதும் தின்றார். பிறகு என் தட்டை வாங்கி அதையும் தின்றார்.

"பொண்டாட்டி மேல எவ்ளோ ஆசை பாரு!" என்றார் லட்சுமம்மா. மறுபடி சிரிப்பு.

வீட்டுக்கு வந்ததும், "பிரிஜெட்..." என்று ஆரம்பித்தார்.

"சோறு போடவா?" என்று கேட்டேன். அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்தப் பெயிண்ட் உரியவேயில்லை, முதலாளி பாராட்டினாராம்.

ஒன்பது வருடம் ஆகிவிட்டது. இப்போது சொந்தமாக ஷெட் வைத்திருக்கிறார். பழைய ஓவன் அங்கே இருக்கிறது. எனக்குப் புதிது வாங்கித் தந்தார். வீட்டுக்கு மட்டும் செய்கிறேன். சுனிதாவின் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்குப் பேக்கரிக் கேக். அந்த முதல் கேக்கைக் கெடுத்தவள் நான் என்றுதான் வரிசையில் இன்றும் பேச்சு. அவர் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.