அரை நாள் கட்டிய புடவை

என் பீரோவின் மேல்தட்டில், மற்றப் புடவைகளோடு சேராமல், பழைய வேட்டித் துணியில் சுற்றி ஓர் அரக்குப் பட்டு இருக்கிறது. மயில்கழுத்து நிறத்தில் நாலு விரல் அகலக் கரை. நான் அதைக் கட்டியது ஒரே ஒரு தடவை, அதுவும் அரை நாள். ஆண்டுக்கொரு முறை எடுத்து உதறி, மடிப்பை மாற்றி, மறுபடியும் உள்ளே வைப்பேன். பட்டு ஒரே மடிப்பில் கிடந்தால் இற்றுவிடும் என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன மற்றதையெல்லாம் கேட்டேனோ இல்லையோ, இதை மட்டும் தவறவிட்டதில்லை. போன வைகாசியில் அந்தப் புடவை என் பெட்டியில், கச்சாயப் பலகாரப் பொட்டலத்துக்கு அடியில், ஜெர்மனி வரைக்கும் போய் வந்தது.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கு இணையாக அவருடைய உடன்பிறந்தவளை நிறுத்திச் செய்கிற சீர். கல்யாணம் ஆனாலும் அண்ணன் தங்கை உறவு அறுந்து போகாது என்று ஊருக்கு முன்னால் சொல்லுகிற சடங்கு அது. கூடப் பிறந்தவள் இல்லையென்றால் பெரியப்பா, சித்தப்பா மகள் நிற்பாள். கோவையை ஒட்டிய துடியலூரில் பெரியப்பா வீடும் எங்கள் வீடும் ஒரே காம்பவுண்டுக்குள், ஒரே கேட். பெரியப்பாவுக்கு ஒரே மகன். எங்கள் வீட்டில் நான் ஒருத்தி. ஆகவே நான் பாவாடை கட்டித் திரிந்த காலத்திலேயே பெரியம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இவதானுங்க என்ற பையனுக்கு இணைச்சீர்காரி" என்று அறிமுகம் செய்து வைப்பார். அண்ணன் சும்மா இருக்க மாட்டார். "நல்லாத் தின்னு ஒசரமா வளரு அம்மணி. இல்லாட்டி போட்டோவுல உன்ற கொண்டை மட்டுந்தான் தெரியும்" என்பார். அவருக்கு வேலை கிடைத்த உடனேயே, பெண் யாரென்றே தெரியாத நிலையில், பெரியம்மா எனக்கு இந்த அரக்குப் பட்டை எடுத்து வைத்துவிட்டார்.

பெண்ணை அண்ணனே பார்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த பாலக்காட்டுப் பெண், கிறிஸ்தவர். வாளையார் செக்போஸ்ட்டைத் தாண்டினால் அவர்கள் ஊர். பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டு எழுவதற்குள் வந்துவிடும். பெரியப்பாவுக்கு மட்டும் அது ஏழு கடல் தாண்டி இருந்தது. அப்பாவுக்கும் மகனுக்கும் பேச்சு நின்றது. அண்ணன் பீளமேட்டில் அறை எடுத்துப் போய்விட்டார். பிறகு ஒரு நாள் பொழுது சாய்கிற நேரத்தில் போன் வந்தது. மறுநாள் பகல் பாலக்காட்டில் சர்ச்சில் கல்யாணம், எல்லோரும் வந்துவிடுங்கள் என்று. பெரியப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில், "போன்ல சொல்றது சேதி. ஊட்டுக்கு வந்து கூப்புட்டாத்தான் அழைப்பு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது வீம்பாகத் தெரியும். வீம்புதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் ஆட்களிடம் நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைக்காத விசேஷத்துக்கு, அடுத்த வீடாக இருந்தாலும், காலடி எடுத்து வைக்க மாட்டார்கள். அந்த வார்த்தையில் பெரியம்மா வேறொன்றைக் கேட்டார். வந்து கூப்பிட்டால் போகலாம் என்று இவர் வாயாலேயே சொல்லிவிட்டாரே! என் கையைப் பிடித்துக்கொண்டு, "காலைல வருவான் பாரு" என்றார்.

மறுநாள் விடிவதற்குள் வீடே கிளம்பி நின்றது. அன்று நல்ல முகூர்த்த நாள். கார் கேட்டுக்கு வெளியே வந்து நின்றது. பெரியம்மா பட்டு கட்டியிருந்தார். என் அம்மா பூக்கூடையை மடியில் வைத்திருந்தார். எனக்கு இந்த அரக்குப் புடவையைக் கட்டிவிட்டதும் பெரியம்மாதான். "சர்ச்சுல சீரெல்லாம் செய்ய உடுவாங்களோ என்னமோ. நீ இதக் கட்டிட்டு அவம் பக்கத்துல நின்னாப் போதும்" என்றார். அத்தோடு விடவில்லை. "கேட்டுகிட்டயே நில்லு கண்ணு. அவன் வந்தா உன்னையத்தான் மொதல்ல பாக்கோணும். நாமெல்லாம் ரெடின்னு தெரிஞ்சிரும்." பெரியப்பாவும் சவரம் செய்துகொண்டு, பட்டுக்கரை வேட்டியும் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையுமாக, செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடிக்காத குறையாக உட்கார்ந்திருந்தார்.

நான் கேட்டருகில் நின்றேன். வெயில் ஏறியது. மேட்டுப்பாளையம் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பிய ஒவ்வொரு வண்டியும் அண்ணனுடையது என்றே நினைத்தேன். உச்சிப் பொழுதுக்குப் பெரியப்பா எழுந்து உள்ளே போனார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "சோறு போடு" என்றார். வீட்டில் யாரும் சமைத்திருக்கவில்லை. கல்யாணச் சாப்பாட்டை நம்பி அடுப்பே பற்ற வைக்காத வீடு அது.

அந்தப் பையன் வரவில்லை. எங்கள் வீட்டில் அன்று முடிவான வாக்கியம் இதுதான். அண்ணன் ஜெர்மனி போய்விட்டார் என்று யார் மூலமாகவோ தெரிந்தது. அவராகப் பேசட்டும் என்று நாங்களும், அவர்களாகப் பேசட்டும் என்று அவரும் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டோம். என் கல்யாணம் அவர் இல்லாமல் நடந்தது. பெரியப்பா காலமானபோதும் சொல்லி அனுப்பவில்லை. துக்கத்துக்கு யாரும் அழைப்பதில்லை, கேள்விப்பட்டு வர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அவர் கேள்விப்பட்டது வெகு நாள் கழித்து. ரோஷத்தில் எங்கள் குடும்பத்தை அடித்துக்கொள்ள ஆளில்லை. நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

என் மகன் மேல்படிப்புக்கு ஜெர்மனி போனான். அங்கே பொங்கல் விழாவில் ஒருவர் இவனுடைய பேச்சைக் கேட்டு, "துடியலூருங்களா?" என்று கேட்டிருக்கிறார். அவன் யார் வீட்டுப் பையன் என்று தெரிந்ததும் அந்த மனிதர் தட்டை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாராம். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "நான் உன்ற அம்மாவோட அண்ணன்" என்றாராம். மகனைப் பார்க்க நான் கிளம்பியபோது பெரியம்மாவிடம் போய்ச் சொன்னேன். எண்பதைத் தொட்டவர். அழுவார், ஏதாவது கொடுத்தனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் இல்லை. "ஏன் வரலைன்னு மட்டும் கேட்டுட்டு வா அம்மணி. திட்டறதுக்கில்ல. தெரிஞ்சுட்டுப் போயிரலாம்னுதான்" என்றார். அந்த 'போயிரலாம்' என்னோடு விமானத்தில் ஏறி வந்தது.

ரயில் நிலையத்தில் நின்றவரைப் பார்த்து ஒரு நொடி பெரியப்பா என்றே நினைத்துவிட்டேன். அதே நெற்றி, அதே நரை. என் மகனைப் பார்த்து, "வாங்க மாப்பிள்ளை" என்றார். தங்கை மகன் மாப்பிள்ளைதானே. எங்கள் ஊரிலேயே இப்போது யாரும் அவனை அப்படிக் கூப்பிடுவதில்லை. அவன் நெளிந்தான். வீட்டில் அண்ணி அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கி வைத்திருந்தார், முழுப் பூண்டு போட்டு, மேலே நெய் விட்டு. எங்கள் வீட்டு ருசி, எங்கள் வீட்டை விட நன்றாக. "இவர் சொல்லிச் சொல்லிப் படிச்சதாக்கும். அம்மையுடே கைப்பக்குவம் வந்தோன்னு நீங்கதான் சொல்லணும்" என்று பாலக்காட்டுத் தமிழில் கேட்டார். எந்த வீட்டு மருமகளாக வந்திருக்க வேண்டியவர், யாரிடம் கேட்கிறார் என்று நினைத்தேன். இரண்டாம் முறை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

புடவையை அண்ணிக்குக் கொடுக்கத்தான் கொண்டு போயிருந்தேன். சாப்பிட்டு முடிந்ததும் எடுத்து மேசைமேல் விரித்தேன். அண்ணி ஆசையாகக் கரையைத் தொட்டார். அண்ணன் தொடவில்லை. முகம் மாறிவிட்டது.

"இது நீ அன்னைக்குக் கட்டியிருந்த சீலைதானே?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு நான் என்ன கட்டியிருந்தேன் என்று இவருக்கு எப்படித் தெரியும்?

"நான் வந்தனே அம்மணி. அப்பா சொன்னாருன்னு, வெத்தலை பாக்கு, பழம், பூவெல்லாம் வாங்கித் தட்டத்துல வெச்சுட்டு, சிநேகிதன் கார்ல வந்தேன். எதுத்தாப்புல மருந்துக்கடை முன்னால வண்டிய நிறுத்திப் பாத்தா, நம்ம கார் கெளம்பி நிக்குது. அம்மா பட்டோட உள்ளயும் வெளியயும் நடக்கறாங்க. நீ இந்த அரக்குச் சீலையோட கேட்டுகிட்ட நிக்கற. முகூர்த்த நாளு. நான் இன்னும் வந்து கூப்புடவே இல்லையே, அப்ப வேற ஆரு கல்யாணத்துக்கோ கெளம்பிட்டீங்கன்னு நெனச்சுப்போட்டேன். என்ற கல்யாணத்தன்னைக்கு இன்னொரு கல்யாணத்துக்குப் போறவங்கள எப்படிக் கூப்புடறது? தட்டத்த மடியில வெச்சுட்டே திரும்பிட்டேன்."

"உங்க கல்யாணத்துக்குத்தானுங்கண்ணா நின்னேன்" என்றேன். "உங்களுக்காகத்தான் நின்னேன். எல்லாரும் உங்களுக்காகத்தான் கெளம்பியிருந்தோம்."

"அப்பாவுமா?" என்றார் அண்ணன்.

கஞ்சி போட்ட சட்டையைச் சொன்னேன். ஆணியில் மாட்டியதைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று பின்னால் தோன்றியது. அறுபதை நெருங்கிய மனிதர் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுவதை என் மகன் அதற்கு முன் பார்த்ததில்லை. அண்ணி அவர் முதுகில் கை வைத்தபடி நின்றார். அன்று எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அம்பாசிடர் நின்றதாக எனக்கும் ஒரு நினைவு இருக்கிறது. உண்மையில் பார்த்தேனா, அவர் சொன்னபின் என் மனது வரைந்துகொண்டதா, தெரியவில்லை. நான் பத்தடி நடந்து தெருவைத் தாண்டியிருந்தால் போதும். அவர் கார்க் கண்ணாடியை இறக்கியிருந்தால் போதும்.

இப்போதே பெரியம்மாவோடு வீடியோவில் பேசலாம் என்று மகன் செல்போனை எடுத்தான். அண்ணன் தடுத்தார். "போன்ல சொல்லித்தான மாப்பிள்ளை இத்தனையும் ஆச்சு. உங்கம்மா நேர்ல போய்ச் சொல்லட்டும். பொங்கலுக்கு நான் நேர்ல வாரேன்." புடவையையும் மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார். அதைத் தினமும் பார்க்கத் தன்னால் ஆகாது என்றார்.

ஊர் திரும்பிய அன்றே பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முடித்தபிறகு, "எங்க வரைக்கும் வந்தான்?" என்றார்.

"எதுத்தாப்புல மருந்துக்கடை வரைக்குமுங்க பெரியம்மா."

அந்த இடத்தில் இப்போது பேக்கரி. பெரியம்மா ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு புடவையைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துத் தடவினார்.

"உன்னைய இதக் கட்டச் சொன்னது நாந்தானே. வாசல்ல நிக்க வெச்சதும் நாந்தான். சாதாச் சீலையோட ஊட்டுக்குள்ள இருந்திருந்தா அவன் உள்ள வந்திருப்பானா அம்மணி?"

அப்படியில்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். புடவையின் ஒரு முனையை அவரும் மறுமுனையை நானும் பிடித்து உதறி, பழைய மடிப்பு விழாமல் மாற்றி மடித்தோம். பொங்கலுக்கு அண்ணன் வரும்போது இதைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று வரும் வழியெல்லாம் நினைத்திருந்தேன். கேட்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"அவன் வர்ற அன்னைக்கு நீ இதக் கட்ட வேண்டாம். ஆரும் பட்டுக் கட்ட வேண்டாம். கேட்டுகிட்டயும் ஆரும் நிக்க வேண்டாம். கதவு மட்டும் தெறந்து கெடக்கட்டும்."