கத்தரிக்காய் சுட்டவர்

கமலக்கண்ணன் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்பிரிங் சோதிக்கும் பிரிவில் வெகுகாலம் வேலை பார்த்தார். ஒரு சுருள் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. இரண்டாயிரத்து மூன்றில் அவருக்கு விருப்ப ஓய்வு கொடுத்தார்கள். விருப்பம் கம்பெனியுடையது. கெலமங்கலம் அருகே கொஞ்சம் நிலம் வாங்கி, மல்பெரி நட்டு, பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். தழை பறிப்பது, தட்டு மாற்றுவது, புழுவுக்குத் தீனி போடுவது எல்லாம் மனைவி ஜெயமணி. மற்றதை அவர் மேற்பார்வை பார்த்தார்.

புழு கூடு கட்டும் சமயத்தில் எலி வந்தது. மூங்கில் தட்டிகளில் ஏறி, கூட்டைக் கடித்து, உள்ளே இருந்ததைத் தின்றது. விஷம் வைக்க வழியில்லை, மருந்து வாடை பட்டால் புழு சுருண்டுவிடும். பொறி வைத்தார்கள், ஓணான் விழுந்தது. பூனை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது எலியை விட்டுவிட்டுப் புழுவைத் தின்றது.

கமலக்கண்ணன் பெங்களூருக்குப் போய் காற்றுத் துப்பாக்கி ஒன்று, ஏர் கன், வாங்கி வந்தார். அதன் பின்பக்கம் ஒரு திருகு இருந்தது. முறுக்கினால் குண்டு வேகமாகப் போகும், தளர்த்தினால் மெதுவாகப் போகும். அந்தத் திருகைப் பார்த்ததும் ஓய்வுபெற்ற பிறகு முதல்முறையாக அவர் முகம் மலர்ந்தது.

"எலி சாகணும். அதுக்குப் பின்னாடி இருக்கற புழுவுக்கு விஷயமே தெரியக் கூடாது. அந்த அளவுக்கு வைக்கணும்" என்றார்.

"சீக்கிரம் வைங்க. எலி காத்திருக்காது" என்றாள் ஜெயமணி.

முதலில் திருகை முழுக்கத் தளர்த்திச் சுட்டுப் பார்த்தார். குண்டு குழலைவிட்டு வெளியே வந்து அவர் செருப்புப் பக்கத்திலேயே விழுந்தது. பிறகு முழுக்க முறுக்கிச் சுட்டார். பக்கத்துத் தோட்டத்து மோட்டார் கொட்டகையின் தகரக் கூரை அதிர்ந்தது. உள்ளே இருந்த நாராயணப்பன் தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

"தேவுடா! மானம் சுத்தமா கீது, ஆலங்கட்டி எங்கிருந்து விழுவுது சார்?"

அன்றிலிருந்து ஒரு மண்மேட்டைப் பார்த்துத்தான் சோதனை. எலியின் உடம்பும் கத்தரிக்காயும் ஒரே பதம் என்பது கமலக்கண்ணனின் முடிவு. அதை எங்கே தெரிந்துகொண்டார் என்று யாரும் கேட்கவில்லை. ஒரு கயிறு கட்டிக் கத்தரிக்காய்களைத் தொங்கவிட்டார். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு செய்தித்தாள். காய்க்குள் குண்டு நிற்க வேண்டும், தாள் கிழியக் கூடாது. கிழிந்தால் திருகைத் தளர்த்துவார். குண்டு காயில் பட்டுத் தெறித்தால் முறுக்குவார். காலைக் குளிரில் சரியாக இருந்த அளவு மத்தியான வெயிலில் மாறிவிடும். உடனே மறுபடி முதலிலிருந்து.

"கத்திரிக்கா சுட்டா தொவையலுக்குன்னுதான் கேட்டுக்கீறேன்" என்றார் நாராயணப்பன்.

"இது டெஸ்டிங். எலி கடைசியில்தான்."

ஓட்டை விழுந்த காய்கள் அங்கேயே கிடந்தன. வாரங்கள் போயின. அடுத்த முறை புழு கூடு கட்டியபோது புழு வளர்க்கும் மனைக்குள் ஓர் எலிகூட இல்லை. கூடுகள் முழுசாக, வெள்ளைவெளேரென்று வந்தன. பட்டுக்கூடு அங்காடியில் எல்லோரும் எடுத்துப் பார்த்தார்கள். கமலக்கண்ணனின் துப்பாக்கிக்குப் பயந்து எலிகள் ஊரைவிட்டே ஓடிவிட்டன என்று பேச்சுக் கிளம்பியது. அவரும் அதை மறுக்கவில்லை.

நாராயணப்பன் துப்பாக்கியை இரவல் கேட்டு வந்தார். ஜெயமணி அவரை மண்மேட்டுப் பக்கம் கூட்டிப்போய்க் காட்டினாள். பட்டப்பகலில் கயிற்றுக்குக் கீழே எலிகள் உட்கார்ந்திருந்தன. சில கத்தரிக்காய் தின்றுகொண்டிருந்தன. சில அடுத்த காய் விழுவதற்காக மேலே பார்த்துக்கொண்டிருந்தன. சுடும் சத்தம் கேட்டால் அவை ஓடுவதில்லை, கூடுகின்றன.

"மனைக்குள்ள இருந்ததெல்லாம் இங்க குடிவந்திருச்சு. ரெண்டு குட்டியும் போட்டிருக்கு" என்றாள்.

நாராயணப்பன் துப்பாக்கியை மறந்தார். கத்தரி நாற்று எங்கே கிடைக்கும் என்று கேட்டுக்கொண்டு போனார்.

ஒருநாள் காலையில் கமலக்கண்ணனுக்குத் திருகு அமைந்துவிட்டது. குண்டு காயின் நடுவில் நின்றது, தாளில் கீறல்கூட இல்லை. அதேநேரம் ஒரு பருத்த எலி முன்னால் வந்து அமர்ந்தது. அவர் குழலை மடக்கிக் குண்டு போட்டுக் குறிபார்த்தார்.

"என்னங்க, அதைச் சுட்டா மத்ததெல்லாம் பயந்து மனைக்குள்ள திரும்பிரும்" என்றாள் ஜெயமணி, பின்னால் தழைக்கூடையோடு நின்றபடி.

"இவ்வளவு சரியா வச்சிருக்கேனே, ஜெயமணி!"

"யாரு இல்லேன்னா? வச்சது வச்சபடியே இருக்கட்டும்."

எலி இரண்டு காலில் எழுந்து நின்று கயிற்றைப் பார்த்தது. அவர் எலியைப் பார்த்தார், திருகைப் பார்த்தார். பிறகு துப்பாக்கியைக் கொஞ்சம் உயர்த்தி, கயிற்றில் தொங்கிய காயைச் சுட்டார். அது அறுந்து எலியின் முன்னால் விழுந்தது.

மல்பெரிக்கு ஓரமாக ஜெயமணி ஒரு பாத்தி கத்தரி போட்டாள். துப்பாக்கி எண்ணெய் தடவிப் பரண் ஏறியது. கமலக்கண்ணன் சில நாள் எதையோ பறிகொடுத்தவர்போல வாசலுக்கும் மனைக்கும் நடந்தார். அப்புறம் நாராயணப்பனின் மருந்து தெளிக்கும் கருவி ஒரு பக்கமாகப் பீச்சுவது கண்ணில் பட்டது. நாராயணப்பன் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கமலக்கண்ணன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வேலி தாண்டிப் போனார்.